மாசி நிலவில் ஒரு மூடுபனி

லிந்துலையில் இருந்துகொண்டு மூடுபனி உண்டாக்கும் சாதனம் ஒன்றைச் செய்கின்றோம் என்று கொழும்பிலுள்ள நண்பர் ஒருவருக்கு எழுதியிருந்தேன். "கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புறப்பட்டீரோ?" என்று அவர் மறுமொழி விடுத்தார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், எங்கள் மலைகளில் முற்பகலிலேயே மூட்டம் இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் கொழுந்து பறிப்பவளின் முகம் தெரியாது. கூடையும் இடுப்பிற் கட்டிய படங்கும் அசைவது மாத்திரம் தெரியும். அத்தகைய ஊரில் மூடுபனியைக் காசு கொடுத்துச் செய்வானேன்?

ஆனால் காமன் கூத்து நிகழ்வது மாசி மாதத்தில் அல்லவா? எங்கள் பக்கத்து மாசி இரவுகள் பெரும்பாலும் தெளிந்த வானமும் கடுங்குளிரும் கொண்டவை. ஆடியில் அழையாமல் வந்து நிற்கும் மூட்டத்தை மாசியில் தவமிருந்து அழைத்தாலும் காணமுடியாது.

காமன் கூத்தைப் பற்றி மலையகத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சிறிது சொல்கின்றேன். மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மன்மதன் வேஷம் தரித்தவர்கள் தப்பு முழங்க லயம் லயமாகச் சென்று ஆடுவார்கள். பூரணையை ஒட்டிய இரவிலே காமன் பொட்டலில் விடிய விடியக் கூத்து நடைபெறும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதனுக்கு எதிரே தூதன், வீரபத்திரன், எமன் முதலிய வேஷங்கள் ஒவ்வொன்றாக வரும். இந்த வரிசை தோட்டத்துக்குத் தோட்டம் சற்றே வேறுபடும். இறுதியில் நெற்றிக்கண் தீயில் மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் நிகழும். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாய் வந்து சேர்ந்த எம்முன்னோர், கையில் வேறொன்றும் கொண்டுவர இயலாத நிலையில், நெஞ்சிலே சுமந்துவந்த செல்வம் இது.

எங்கள் தோட்டத்தில் இச்செல்வத்துக்கு வாரிசு குறைந்துகொண்டே வந்தது. வாலிபர்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கின்றார்கள். மாசியில் இரண்டொரு நாள் விடுமுறை கிடைத்தால் ஊருக்கு வருவார்கள். வந்தாலும் பொட்டலின் ஓரத்தில் நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பார்களேயன்றி, வேஷம் கட்டுவார் இல்லை. எமன் வேஷம் கட்டிவந்த முதியவருக்கு இளைப்பு நோய் கண்டுவிட்டது. இந்நிலையில் அந்த வாலிபர்களுள் ஒருவன் என்னிடம் வந்து, "மாஸ்டர், எமன் வாறப்ப தரையோட பொகை ஓடினா எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அவன் காட்டிய படத்தில் அமெரிக்க வீட்டு முற்றம் ஒன்று இருந்தது. பொம்மை எலும்புக்கூடுகளின் காலடியில் வெண்மையான மூடுபனி, பாலைக் கொட்டியதுபோல், தரையை விட்டு எழாமல் பரவிக்கொண்டிருந்தது.

அந்நாட்டில் ஒக்ரோபர் 31ஆம் நாள் இரவை ஹாலோவீன் என்று கொண்டாடுகின்றார்கள். இறந்தோரின் ஆவிகள் உலாவும் இரவு என்பது பழைய நம்பிக்கை. அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் இதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். இதிலே எனக்கு ஒரு வியப்பு. எங்கள் மலைகளில் தோட்டம் திறந்த துரைமாருள்ளும் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்நாட்டவரே. அக்கரபத்தனைப் பக்கத்தில் கிளாஸ்கோ, பல்மோரல் என்று தம் ஊர்ப் பெயர்களையெல்லாம் வைத்துப் போனவர்கள், தங்கள் பேய்த் திருநாளை மட்டும் விட்டுப் போகவில்லை. கைத்தொலைபேசி வழியாக அது இப்போதுதான் வந்து சேர்ந்தது!

கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்கச் சென்றோம். காமன் கூத்து வேடிக்கையன்று; விரதம் இருந்து செய்யும் காரியம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு அந்த வாலிபனைப் பார்த்து, "எமன் பாட்ட மொதல்ல படிச்சிட்டு வா தம்பி, பெறகு பொகைய போடு" என்றார். வேஷமும் அவனே கட்டவேண்டும் என்பது அதன் பொருள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஆயினும் அன்றிரவே பாட்டுக் கொப்பியுடன் வாத்தியாரின் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தான்.

புராணப் படங்களில் தேவலோகத்துத் தரையில் வெண்புகை தவழ்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதற்கு உலர் பனிக்கட்டியைப் பயன்படுத்துவது வழக்கம். அஃது உறைந்த கரியமில வாயு. பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை செல்சியஸ் குளிருடையது. வெறுங்கையால் தொட்டால் தீப்புண்போலக் காயம் உண்டாகும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கரியமில வாயு, காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும். எங்கள் காமன் பொட்டலோ கிண்ணம்போல் குழிந்த இடம். சிறு பிள்ளைகள் சாக்கை விரித்து முன்வரிசையில் தரையோடு தரையாக அமர்ந்து, பாதி இரவில் அங்கேயே உறங்கியும் விடுவார்கள். ஆகவே அந்த யோசனையை முதல் நாளே கைவிட்டோம்.

மற்றொரு வழி, கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவோர் வைத்திருக்கும் புகை யந்திரம். தண்ணீரில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்கோலோ கலந்த திரவத்தை அது சூடாக்கி ஆவியாகப் பீச்சும்; ஆவி வெளிக்காற்றில் பட்டவுடன் நுண்துளிகளாகி வெண்புகைபோல் தோன்றும். எரிந்த புகையன்று அது. ஆயினும் சூடாக வருவதால் தரையில் நில்லாது மேலே கிளம்பிவிடும். எமனுடைய காலை மறைப்பதற்குப் பதிலாக முகத்தை மறைத்துவிடும்! அதனைத் தரையோடு படுக்கவைக்க வேண்டுமாயின், வரும் வழியிலேயே குளிரச் செய்யவேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. கனமானது கீழே தங்கும்.

இதற்கான பெட்டியைச் செய்வது கடினமன்று. மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டுக் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தலவாக்கலையில் வாங்கினோம். அதன் ஒரு பக்கத்தில் மேற்புறமாகவும், எதிர்ப்பக்கத்தில் அடிப்புறமாகவும் நான்கு அங்குலத் துளை இட்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் செருகினோம். உள்ளே கோழிக்கூட்டுக் கம்பிவலையைச் சுருட்டி, ஒரு துளையிலிருந்து மற்றத் துளைவரை சுரங்கம்போல் வைத்து, அதைச் சுற்றிலும் ஐஸ் நிரப்பினோம். உருகும் நீர் வடிய மூலையில் சிறு துவாரம். யந்திரத்தின் வாயைக் குழாயோடு நெருக்கமாகப் பொருத்தாமல் மூன்று அங்குலம் இடைவெளி விட்டோம். வெளிக்காற்றும் கூடச் சேர்ந்து உள்ளே போனால்தான் ஆவி நன்றாகத் துளியாகும். ஐஸை முழங்கைமுட்டியளவு துண்டுகளாக உடைப்பது நலம். தூளாக்கினால் காற்றுக்கு வழி அடைபடும். பெருங்கட்டியாக இட்டால் தொடுபரப்புப் போதாது.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதை உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் என் மகள் கணக்கிட்டாள். எங்களுக்குக் கிடைத்தது 400 வாட் யந்திரம். பத்து நிமிடம் ஓடினால் அது வெளியிடும் உஷ்ணம் 240 கிலோ ஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கே 334 கிலோ ஜூல் வேண்டும். ஆகவே முக்கால் கிலோ ஐஸ் போதும் என்று கணக்கு சொல்லுகிறது. ஆனால் புகை பெட்டிக்குள் தங்குவது ஓரிரு விநாடியே. அதற்குள் குளிர வேண்டுமாயின் நாற்புறமும் ஐஸ் தொடவேண்டும். எனவே 10 கிலோ வாங்கினோம்.

அவளே மற்றொரு சிக்கலையும் கண்டுபிடித்தாள். எங்கள் ஊரின் குளிரே எங்களுக்குப் பகையாகும் என்றாள். கொழும்பில் இரவுக் காற்று 28 பாகை இருக்கும்போது, பெட்டியிலிருந்து 4 பாகையில் வெளிவரும் புகை சுற்றுக் காற்றைவிட நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் கனமாயிருக்கும். லிந்துலையில் மாசி இரவு 12 பாகை எனக் கொண்டால், அதே புகை நூற்றுக்கு மூன்று பங்குதான் கனம். குளிர்நாட்டில் மூடுபனியைப் படுக்கவைப்பது வெயில்நாட்டிலும் கடினம் என்று ஒருவர் வாயால் சொன்னால் நம்பமாட்டேன். கணக்கு சொல்லும்போது என்ன செய்வது?

பரிகாரம் அடுப்படியில் இருந்தது. முன்னாளில் மரவாளியில் ஐஸ்கிரீம் கடைந்தவர்கள் ஐஸோடு கல்லுப்பைக் கலப்பார்கள். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்தால், கலவையின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகைவரை இறங்கக்கூடும். அப்படிச் செய்தால் ஐஸ் விரைவில் உருகிவிடும் என்பது மெய்யே. எமன் வரவு கால் மணி நேரந்தானே! அவன் வருவதற்குச் சற்று முன்பு உப்பைக் கொட்டுவது எனத் தீர்மானித்தோம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் வாலிபர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் மகளிடம், "பாப்பா, ராவுல காத்து மேலேருந்துதான் எறங்கும், மேமலைப் பக்கமா வை" என்றார். சாம்பிராணிப் புகை எந்தப் பக்கம் சாய்கின்றது என்பதை ஆண்டாண்டாகப் பார்த்தவர் அவர். சூரியன் மறைந்தபின் மலைச்சரிவின் மேற்பரப்பு குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, நீரைப்போலப் பள்ளத்தை நோக்கி வழியும். பள்ளத்து லயங்களில் வாழ்வோர்க்கு ஏன் எப்போதும் அதிகக் குளிர் என்பதற்கும், தை மாசியில் நுவரெலியாப் பக்கத்துத் தாழ்நிலங்களில் உறைபனி கொழுந்தைக் கருக்குவதற்கும் இதுவே காரணம். எங்கள் பெட்டிக்குள் நடந்த காரியம், சம்பளமின்றி மலை முழுவதும் இரவுதோறும் நடந்துவருகின்றது.

காற்று இறங்கும் திசையில் இளைப்பு நோயுள்ளவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அமராதபடி ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி வெறுமையாக்கினோம். இந்தப் புகை நஞ்சன்று. ஆனாலும் தொண்டையை உறுத்தும். பழைய எமன் மட்டும் கேட்கவில்லை. கயிற்றோரத்தில் நாற்காலி போட்டு, வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

நள்ளிரவு கடந்து எமனுக்குரிய தப்படி தொடங்கியது. முதலில் முழங்கால் உயரத்துக்கு எழுந்த புகை, உப்பின் வேகம் ஏறியதும் கணுக்கால் அளவுக்குத் தாழ்ந்து, நிலவொளியில் பொட்டல் முழுவதும் பரவிற்று. அதன்மீது கறுப்பு முகமும் பாசக்கயிறுமாகப் புதிய எமன் வந்தான். பிள்ளைகள் வீரிட்டனர். ஆனால் என் செவி பாட்டிலே இருந்தது. ஓரிடத்தில் அடி மறந்து அவன் தடுமாறினான். கயிற்றோரத்து நாற்காலியிலிருந்து இருமலும் பாட்டுமாக ஒரு குரல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தது, அவன் பிடித்துக்கொண்டான். புகையைவிட அதுவே எனக்குப் பெரிய காட்சி.

ரதி புலம்பலுக்கும் புகை வேண்டுமென்று வாலிபர்கள் விரும்பினார்கள். வாத்தியார் யந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் பெண்கள் ரதிக்காக மாத்திரம் அழுவதில்லை. தம் வீட்டுச் சாவுகளையும் எண்ணி அழுகின்றார்கள். அப்போது ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியவேண்டும் என்றார். மறுத்துப் பேச எவருக்கும் தோன்றவில்லை.

பெட்டி இப்போது எங்கள் இஸ்தோப்பில் கிடக்கின்றது. உப்பு பட்டுக் கம்பிவலை துருவேறிவிட்டது. அடுத்த மாசிக்குள் மாற்றவேண்டும். எமன் வேஷக்காரன் கொழும்புக் கடைக்குத் திரும்பிவிட்டான். வீரபத்திரன் பாட்டிலும் அவனுக்கு ஆசை பிறந்திருக்கின்றது போலும். சித்திரையில் ஓரிரவு, கடை அடைத்தபின், வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்து இரண்டாம் அடிக்குப் பிறகு என்னவென்று கேட்டானாம். லயம் முழுவதும் உறங்கிக்கொண்டிருந்த அந்நேரத்தில், அவர் எழுந்து உட்கார்ந்து, தப்பில்லாமலேயே முழுப் பாட்டையும் பாடிக்காட்டினாராம்.