பலாலியில் பயணம் தடைப்பட்டால்

யாழ் நகரிலிருந்து வடக்கே செம்மண் தோட்டங்களைக் கடந்து சென்றால் பலாலி விமான நிலையம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த ஓடுபாதை இது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னை சென்றது. 1990இல் இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் காணிகள் இதனைச் சுற்றியே இருக்கின்றன.

இந்த நிலையத்தை நம்பிப் புறப்பட்டவர்களுக்குப் பயணத்தடை புதிதல்ல. 2006 ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கென வெளிநாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பலர் ஊருக்கு வந்திருந்தனர். 11ஆம் திகதி சண்டை வெடித்தது. முகமாலைப் பாதை மூடப்பட்டது. பயணிகள் விமானங்களும் நின்றன. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிலரை அம்மாத இறுதியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் ஏற்றிச் சென்றது. மற்றவர்கள் அனுமதிக்கும் கப்பலுக்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்நாட்களில் எமது பெண்கள் வரிசையில் முறை மாறி நின்றார்கள். பதிந்த துண்டைப் பத்திரப்படுத்தினார்கள். ஒருத்தி அறிந்த செய்தியை மற்றவளுக்குச் சொன்னார்கள்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. இப்போது தடை பெரும்பாலும் வானிலையால் வருகிறது. பாடசாலை விடுமுறையும் நத்தாரும் வரும் டிசெம்பர் மாதமே வடகீழ்ப் பருவமழைக் காலம். 2023 டிசெம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30ஆம் திகதி பெங்கல் புயலின்போதும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. நாகபட்டினக் கப்பலும் மாரியில் நம்பத்தக்கதல்ல. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கிய அச்சேவை, காலநிலை காரணமாக ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது.

நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்துப் பிள்ளையைப் பார்க்கவோ வைத்தியத்துக்கோ போகும் ஒரு தாய்க்கு இரத்தான விமானம் பெரிய இழப்பு. ஆகவே சிலவற்றை அறிந்திருத்தல் நல்லது.

புயல் வருகிறதென்று பயந்து நீங்களாகவே பயணத்தை இரத்துச் செய்ய அவசரப்பட வேண்டாம். அப்படிச் செய்தால் பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படலாம். நிறுவனமே இரத்துச் செய்தால், இந்திய விமானங்களுக்கான அந்நாட்டு விதிகளின்படி, வேறு விமானத்தில் இடமோ செலுத்திய பணமோ கேட்கலாம். புயலுக்காக மேலதிக நட்டஈடு கிடைக்காது. இரத்தான செய்தியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையடக்கத் தொலைபேசிக்கு வந்ததானால் அழிக்காதீர்கள். முகவரிடம் வாங்கிய சீட்டாயின் பணம் அவர் ஊடாகவே திரும்பும். எனவே பற்றுச்சீட்டு கட்டாயம்.

சென்னையிலிருந்து அப்பால் செல்வதானால் முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் எடுப்பது பாதுகாப்பு. தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தவறியதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. விசா முடியும் நாளிலேயே திரும்பும் பயணத்தை வைக்காமல் சில நாட்கள் முந்தி வையுங்கள். மருந்துகளையும் குழந்தையின் பால்மாவையும் மூன்று நாளைக்குக் காணக்கூடியதாகக் கைப்பையில் வைத்திருங்கள். அவசரமாயின் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ கொழும்பு சென்று கட்டுநாயக்கவில் ஏறலாம். அதற்கு ஒரு முழு நாளாவது வேண்டும்.

கவுண்டரில் "நாளைக்கு வாருங்கள்" என்றால், தலையாட்டிவிட்டுத் திரும்பாமல் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பக்கத்தில் வாசிக்கத் தெரியாத ஒரு அம்மா நின்றால் அவருக்காகவும் கேளுங்கள். போர்க்கால வரிசைகளில் நாம் ஒருவருக்கொருவர் செய்த உதவி அது. இன்றைய வரிசையிலும் அதற்குத் தேவை இருக்கிறது.