வாங்காத கையுறைக்கு ஒரு கையெழுத்து

எம்.ஏ. தமிழ் முடித்து நாலு வருஷம் வேலை இல்லை. கடைசியில் ஒரு நகராட்சியில் துப்புரவு ஒப்பந்தம் எடுத்தவரிடம் பதிவேடு எழுதுகிற வேலை கிடைத்தது. காலை அஞ்சரைக்குப் போய் நிற்கணும். கூட்டுகிற, வாருகிற அம்பது பேரும் நம்ம சனம். பாதிப் பேர் எங்கள் சேரி. எனக்குப் பெரியம்மா, சித்தப்பா, மாமா முறை.

வருகைப் பதிவேட்டோடு இன்னொரு நோட்டும் உண்டு. கையுறை, கம்பூட்ஸ் வழங்கிய பதிவேடு. மாசாமாசம் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். கீழே 'வழங்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போடணும். மூணு மாசம் போட்டேன். ஒரு சோடி கையுறைகூட வந்ததில்லை. பெரியம்மா கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சாக்கடை வாரும். அதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உறுத்தியது. சம்பளம் வந்த அன்று உறுத்தல் குறைந்தது.

நாலாவது மாசம் அடைப்பு எடுக்க மாமா ஒருத்தரைக் குழிக்குள் இறக்கினார்கள். பாதியிலேயே மயங்கிவிட்டார். மேலே நின்றவர்கள் கயிற்றை இழுத்துப் போட்டதால் உயிர் தப்பியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. எங்கள் ஊர்க் குழிக்கு இதெல்லாம் தெரியாது.

மறுநாள் ஒப்பந்தக்காரர் நோட்டோடு ஓடிவந்தார். "எல்லாம் குடுத்திருக்கோம்னு உன் கையெழுத்து இருக்குல்ல தம்பி. இந்த மாசத்துக்கும் இப்பவே போட்டுடு."

அப்போதுதான் உறைத்தது. மாமா செத்திருந்தால், 'கருவி கொடுத்தோம், அவர்தான் போடவில்லை' என்று சொல்ல என் எழுத்துதான் சாட்சி.

போடவில்லை. அப்பவும் புகார் கொடுக்கத் தோன்றவில்லை. அவரிடமே கேட்டேன். பிறகு சுகாதார ஆய்வாளரிடம் கேட்டேன். "படிச்சும் பொழைக்கத் தெரியலையே" என்றார். உள்ளே கேட்ட கதவெல்லாம் சாத்திய பிறகுதான் ஒருத்தன் வெளியே வருகிறான். எடுத்த எடுப்பிலேயே யாரும் வீரனாகிவிடுவதில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். அது சிரித்தது. "நாங்க வாயால சொல்லாததா? மேஸ்திரிகிட்ட சொன்னோம், ஆபீசர்கிட்ட சொன்னோம். எழுதிக் குடுக்கத்தான் ஆளு இல்ல. எழுதத் தெரிஞ்ச நீயும் அவன் நோட்டுலதான எழுதுன?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. முறைகேட்டை முதலில் பார்ப்பது அடிமட்டத்தில் நிற்பவர்தான். அவர் சொன்னால் அது புலம்பல். படித்தவன் எழுதினால் அது புகார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்த நோட்டின் நகலை வாங்கினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். முதல் வரி: 'இதில் உள்ள பொய்க் கையெழுத்து என்னுடையது.' பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அன்றாடக் கூலியை நிறுத்தினால் அடுப்பு எரியாது.

பயம் பொய்யில்லை. நெடுஞ்சாலைப் பணி முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொன்னார். வைக்கவில்லை. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்டவர்களைக் காக்க 2014-இல் சட்டம் போட்டார்கள். நடைமுறைக்குக் கொண்டுவராமல் வருஷக்கணக்கில் கிடப்பில் வைத்தார்கள். எங்களுக்குக் காவல் அந்தப் பதினோரு பேர்தான். தனியாக யாரையும் விடவில்லை.

விசாரணைக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு சோடி கையுறை வந்தது. ஒப்பந்தம் அவரிடமே இருந்தது. என் வேலை போனது. "சோறு போட்டவனையே காட்டிக்குடுத்துட்டியே" என்றார்.

மூணு மாசமாக நான் காட்டிக்கொடுத்தது யாரை? மனு எழுதிய ராத்திரிதான் அதை நிறுத்தினேன்.