உப்புத்தாள் வைத்தியம்

சின்னமனூரில் அப்பா பழைய மாருதி 800 வாங்கிய மூன்றாம் நாளே அது மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம்தான். "ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாத்தணும்" என்றார் மெக்கானிக். வாழைத்தார் விற்ற காசெல்லாம் போச்சே என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், குறையில்லை. அப்பாவைச் சாவி திருப்பச் சொல்லி, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே அளந்தேன். 3 வோல்ட்! அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதே! எர்த் வயர் போல்ட்டில் ஒரே துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன். வண்டி உறுமியது.

"படிச்ச படிப்பு வீண் போகலடா" என்றார் அப்பா. சாயங்காலமே குடும்பத்தோடு சுருளி அருவிக்குப் போய் வந்தோம்.

நண்பர்களே, எதையும் மாற்றுமுன் அளந்து பாருங்கள்!