45 விநாடி மூச்சு!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதினால் கல்லெறிவார்கள். ஆகவே, எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதுகிறேன்.

தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். நடுவே நாங்கள். இந்தத் தீவில் 34 வருஷமாகக் குடியிருந்தும், அம்மா மண்டபம் படித்துறையில் கணுக்கால் நனைகிற படிக்கு அப்பால் போகாதவன் நான். கேட்டால், "பி.காம். படிச்சவன் சார், ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்று சிரித்துச் சமாளிப்பேன். நிஜக் காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

இப்படிப்பட்டவனைத்தான் என் அக்கா பையன் நடுக்கடலில் தள்ளிவிட்டான். எங்கே? தில்லைநகரில், மூன்றாவது மாடியில், ஏ.ஸி. ரூமில்.

"மாமா, சப்நாட்டிகான்னு ஒரு கேம். நீங்க ஆடியே தீரணும்."

"டுமீல் டுமீலா?"

"துப்பாக்கியே கிடையாது மாமா."

அது பொய்யில்லை. 2018 ஜனவரியில் முழுசாக வெளிவந்த அமெரிக்க விளையாட்டு அது. 2012-ல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு மனசைப் பாதித்ததால், இதில் துப்பாக்கியே வேண்டாமென்று அதை உருவாக்கியவர் முடிவு செய்துவிட்டாராம். எனக்கு மரியாதை வந்தது. உட்கார்ந்தேன்.

கதை இதுதான். 'அரோரா' என்ற ராட்சத விண்கலம் ஏதோ ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. நீங்கள் ஒரு சின்ன உயிர்காப்புக் கூண்டில் தப்புகிறீர்கள். கூண்டுக்குள் தீ. அணைத்துவிட்டு ஏணியில் ஏறி வெளியே தலையை நீட்டினால்... தண்ணீர்! நாலு பக்கமும் தண்ணீர். தூரத்தில் கப்பல் எரிந்துகொண்டிருக்கிறது. மிச்சமெல்லாம் கடல்.

"இப்ப என்னடா பண்றது?"

"குதிங்க மாமா."

குதித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூக்கைப் பிடித்துக்கொண்டேன் என்பது அக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரியும்.

உள்ளே போனால் பவழமும் மீனும் செடியுமாகக் கொள்ளை அழகு. ஆனால் மொத்தக் கையிருப்பு 45 விநாடி மூச்சு. அதற்குள் சுண்ணாம்புக் கல்லைக் கையால் உடைத்து டைட்டானியம் பொறுக்க வேண்டும், தாமிரம் தேட வேண்டும், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். பசி, தாகம் இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். தாகத்துக்கு ஒருவகை மீனைப் பிடித்து மெஷினில் போட்டால் குடிதண்ணீர் வருகிறது. பசிக்கு இன்னொரு மீன். எங்கள் வீதியில் வெங்காயத்துக்கே யோசிக்கிற வீடுகள் உண்டு. முதல் நாளே ஆறு மீன் சாப்பிட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை.

அன்றைக்கு நாலு தடவை செத்தேன். நாலும் ஒரே மாதிரி. 'இன்னும் ஒரே ஒரு கல்' என்று போவேன். யந்திரக் குரல் எச்சரிக்கும். 'இதோ வந்துட்டேன்' என்பேன். திரை இருட்டிவிடும். மறுபடி கூண்டில் கண் விழித்தால், அந்தத் தடவை பொறுக்கியதில் பாதி காணாமல் போயிருக்கும்.

"மாமா, நீங்க போறதுக்கு மட்டும் காத்து கணக்குப் போடறீங்க. வர்றதுக்குப் போடலை. பாதி தீர்ந்ததும் திரும்பிடணும்."

எட்டாம் வகுப்புப் பையன் எனக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்கொடுக்கிறான்!

அதற்கப்புறம் சனி, ஞாயிறானால் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் ஏறி, 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தில்லைநகர். டைட்டானியம் மூன்று சேர்த்து காற்று டாங்க் செய்தேன். 45 விநாடி 75 ஆனது. முதல் இன்க்ரிமென்ட் வந்த நாள்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்த வேலையைவிட்டுவிட்டு எழுத வந்து மூன்று வருஷமாகிறது. அது போகட்டும்.

கம்பெனி என்றதும் ஞாபகம் வருகிறது. கடலடியில் நீங்கள் உயிரைக் கொடுத்துப் பொறுக்குகிற தாதுவெல்லாம் விழுந்த கப்பலின் கம்பெனிக்குத்தான் சொந்தமாம். பில் ஏறிக்கொண்டே இருக்கிறது! வேற்றுக் கிரகம் போனாலும் முதலாளி முதலாளிதான்.

ஒருநாள் கொஞ்சம் ஆழம் கண்டுவிட்ட திமிரில் கலங்கலான பக்கம் போனேன். பக்கத்தில் ராட்சத ஜந்துக்கள் இருக்கின்றன, நீங்கள் செய்கிற காரியம் அவ்வளவு முக்கியம்தானா என்று அந்த யந்திரம் கேட்டது. மூன்று வருஷமாக என் அப்பா கேட்கிற அதே கேள்வி. அதே தொனி.

மூன்றாவது வாரம் கடலடியில் வீடு கட்ட ஆரம்பித்தேன். வீடென்றால் சும்மாவா? கண்ணாடி நடைபாதை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி நடைபாதை என்று இழுத்துக்கொண்டே போனேன். திடீரென்று அபாய மணி. சுவரில் விரிசல். முழங்கால்வரை தண்ணீர்.

"கண்ணாடி ஜாஸ்தியாக ஆக, வீட்டோட பலம் குறையும் மாமா. அடியில ஃபவுண்டேஷன் போட்டீங்களா?"

போடவில்லை. எங்கள் பேட்டைகளில் காலி மனையில் வீடு கட்டுகிற பலரையும்போல் நானும் முன்பக்க அழகைத்தான் முதலில் யோசித்தேன்.

அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது, பாலத்துக்குக் கீழே காவிரி இருட்டில் போய்க்கொண்டிருந்தது. ஆடி பிறந்த சமயம். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. முதல் தடவையாக எங்கள் ஊரை ஒரு 'பேஸ்' ஆகப் பார்த்தேன்.

எங்களுக்கு அஸ்திவாரம் போட்டவர் விபீஷணர். ராமரிடம் வாங்கிய ரங்க விமானத்தை இலங்கைக்குத் தூக்கிப் போனவர், சாயங்கால அனுஷ்டானத்துக்காகக் காவிரிக் கரையில் சற்றே வைத்தார். அப்புறம் அசையவில்லை. விளையாட்டில் வைத்த அறையைப் பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. வைத்தது வைத்ததுதான். அதைச் சுற்றி ஒரு பிராகாரம், அதைச் சுற்றி இன்னொன்று என்று ஏழு. 21 கோபுரங்கள். மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தை 236 அடிக்கு உயர்த்தி முடித்தது 1987-ல். எத்தனையோ நூற்றாண்டாக ஆடிய ஆட்டம்!

சுற்றிலும் தண்ணீரைச் சமாளிக்கிற வேலையும் கூடவே நடந்தது. மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே கல்லணையில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. அடி தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆர்தர் காட்டன் துரையே எழுதி வைத்திருக்கிறார். 1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டியவர் அவர். அந்த அணையின் கொள்ளிடப் பக்கத்துக் கதவுகளில் ஒன்பது, 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி வெள்ளத்தோடு போயின. பிறகு புதிதாகக் கட்டினார்கள். தண்ணீர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பையன் கேட்டான். "மாமா, ஆடிப்பெருக்குக்கு உங்க ஊருக்கு வர்றேன். ரெண்டு பேரும் காவிரியில குதிக்கலாமா?"

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. சொன்னேன்.

பிளஸ் டூ படிக்கும்போது வறண்ட கொள்ளிடத்தில் கிரிக்கெட் ஆடுவோம். மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் குட்டை. உள்ளே எவ்வளவு ஆழமென்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் நான் அடித்த பந்து அதில் விழுந்தது. என் பெஞ்சுக்காரன் இறங்கினான். இடுப்பளவில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். இன்னும் ஓர் அடி வைத்தான். கரையில் ஒன்பது பேர் நின்றோம். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்குக் காத்து தீரப்போகுதுன்னு யாரும் சொல்லலையா மாமா?"

இல்லைடா. அங்கே குரல் எதுவும் வரவில்லை. மறுபடி கூண்டில் கண் விழிக்கிற ஏற்பாடும் இல்லை.

பதினேழு வருஷத்துக்கு மேலாக, தண்ணீர் பக்கமே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆற்றுக்கு நடுவே குடியிருக்கிறவனுக்கு அது அஸ்திவாரம் இல்லை, வெறும் கண்ணாடிச் சுவர் என்று அன்றைக்குத் தோன்றியது. நாளைக்கே பையன் எங்காவது ஒரு பள்ளத்தில் கால் வைத்தால், நான் மறுபடி கரையில்தானே நிற்பேன்?

அந்த வாரமே அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனேன்.

"பையனுக்கா சார்?" என்றார் கோச்.

"பையனுக்கும்" என்றேன்.

என் தொப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஃபாரத்தை நீட்டினார்.

முதல் நாள் பாடம்: சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை அடக்குவது. பக்கத்தில் ஏழு வயசுப் பொடியன்கள் மீன்குஞ்சுகளாகத் துள்ளுகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வைத்தேன். காதுக்குள் கொள்ளிடம் கேட்டது. பையன் வாட்சைப் பார்த்து எண்ணினான்.

ஏழு விநாடி.

டைட்டானியம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மேலே வந்துவிட்டேன்.