ஆறு துளைப் பலகை

சிங்கப்பூரின் கேலாங் லோரோங் ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. வாசலில் டுரியான் வாசம், உள்ளே டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் வாசம். மேசைமேல் ஆறு துளை போட்ட மரப்பலகை. துளைக்கு ஓர் எண். இஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக் தன் எண்ணில்தான் உட்காரவேண்டும். இடம் மாற்றிச் செருகிவிட்டால் பட்டறைக்காரர் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

வேகப் படகுகளின் ஔட்போர்டு இஞ்சின்களை டியூன் செய்வது அவர் தொழில். காலாங், கேலாங் ஆற்றங்கரைகளில் ஒருகாலத்தில் படகுப் பட்டறைகள் இருந்தன. 1977 முதல் 1987 வரை நடந்த ஆற்றுத் துப்புரவில் அவை அகற்றப்பட்டன. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் காலாங் படுகையும் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. வெள்ளோட்டம் விட இப்போது லாரியில் ஏற்றிப் பொங்கோல் பக்கம் போகவேண்டும்.

அங்கே படகை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதே வேகத்தில் இக்னிஷனை அணைத்து, த்ராட்டிலையும் மூடுவார். மெல்ல உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தால் ஐடிலில் படியும் கரி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே நடுநீரில் மிதந்தபடியே ஆறு பிளக்குகளையும் கழற்றிப் பலகையில் செருகுவார். பிறகு டார்ச். பீங்கானின் அடியாழத்தில் தெரியும் மெல்லிய புகைவளையம் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை எப்படியென்று சொல்லும். பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகளோ மினுங்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் டெட்டனேஷன், கலவை தானாகவே வெடிக்கிறது. பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது.

பிளக் தே தாரிக் நிறத்தில் இருந்தால் சரி என்பது ஈயப் பெட்ரோல் காலத்துப் பாடம். சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் 1998 ஜூலையோடு போய்விட்டது. இன்றைய பெட்ரோல் பீங்கானில் அவ்வளவு நிறம் விடுவதில்லை. தேநிறம் வரட்டும் என்று எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போனால் குறைவது குதிரைத்திறன்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, புகையின் ஆக்ஸிஜனை அளந்து கலவையைச் சொல்லும் சென்சார் இருக்கிறதே என்று கேட்கலாம். பாஷ் நிறுவனத்தின் ஆக்ஸிஜன் சென்சார் 1976இலேயே வோல்வோ கார்களில் வந்துவிட்டது. ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் புதுக்கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகைவழியில் ஓடிவிடுகிறது. அதிலுள்ள ஆக்ஸிஜனும் கணக்கில் சேர்வதால் சென்சாரின் மீட்டர் தடுமாறும். எண்ணெய் சென்சாரில் படியும். ஔட்போர்டில் புகையோடு குளிர்நீரும் கலக்கிறது. சூடான சென்சாரில் தண்ணீர் தெறித்தால் அது விரிசல் விடும். தண்ணீர் சேருமிடத்துக்கு மேலே துளைபோட்டுப் பொருத்தினாலும், ஆறு சிலிண்டருக்கும் அது சொல்வது ஒரே சராசரிதான்.

ஒருமுறை அந்தச் சராசரி அவரையே ஏமாற்றியது.

“அண்ணே, மீட்டர் லீன்னு காட்டுது” என்றான் லேப்டாப்போடு இருந்த பையன். லீன் என்றால் கலவையில் எரிபொருள் குறைவு. கூட்டச் சொன்னார். இஞ்சின் இன்னும் தொய்ந்தது. மறுபடியும் கூட்டினார்கள். கடைசியில் பிளக்குகளைக் கழற்றினால், ஐந்து கறுத்திருந்தன. நாலாவது மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் இக்னிஷன் காயிலின் வயர் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. நாலாவது சிலிண்டர் பற்றாமல் விட்ட காற்றைப் பார்த்துத்தான் மீட்டர் லீன் என்றது. பலகையை முதலிலேயே எடுத்திருந்தால் இரண்டு மணிநேரம் மிஞ்சியிருக்கும் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

பந்தயத்தில் ஒரு சிலிண்டரைக் கவனிக்காமல் விட்டால் விலை இன்னும் பெரிது. 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில், எஃப்1 பவர்போட் பந்தயம் நடந்தது. அந்தப் படகுகளில் இருந்ததும் ஆறு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்தான்: இரண்டரை லிட்டர் மெர்க்குரி, ஏறக்குறைய 400 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். அந்த வேகத்தில் ஒரே ஒரு சிலிண்டர் லீனாக ஓடினாலும் இஞ்சின் போய்விடும்.

பலகையை நம்புகிறார் என்பதற்காக அவர் சென்சாரை வெறுப்பவர் அல்ல. கழற்றுவதற்குமுன் கடைசியாக நடந்ததை மட்டுமே பிளக் சொல்லும். அலைமேல் படகு துள்ளி, புரொப்பெல்லர் காற்றில் சுழன்ற அந்த அரை நொடி அதில் தெரியாது, சென்சார் அளவுகளைப் பதியும் டேட்டா லாக்கரில் தெரியும். நேரடி இன்ஜெக்ஷன் இஞ்சின்கள் வந்தால் லேப்டாப்பைத்தான் முதலில் திறக்கிறார். போன மாதம் புகைவெப்பம் அளக்கும் சென்சார் ஆறு வாங்கினார், சிலிண்டருக்கு ஒன்றாக. ஒவ்வொன்றின் வயரிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருக்கிறார்.