சபைக்குப் புதியவர்

ஒரு சபைக்குள் புதிதாக நுழைபவர் முதலில் செய்யவேண்டியது யாது என்று கேட்டால், ஸலாம் சொல்லி, இடம் இருக்கும் ஓரத்தில் அமர்ந்து, பேச்சு எதைப் பற்றியது என்று செவிமடுப்பதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விடை தருவர். இதைச் சிறு பிள்ளைகளுக்கும் நாம் சொல்லித் தருகிறோம். ஆனால், கணிப்பொறியின் வழியே கூடும் சபைகளுக்கு ஒருவரை அழைத்துச் செல்லும்போது மட்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்த உதவி பாதி உதவியே என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது 'யூஸ்நெட்' என்னும் பழைய சபையைப் பற்றி. 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவர் உள்ளத்தில் உதித்த எண்ணம் அது. அருகிலிருந்த சேப்பல் ஹில் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். ஒரு கணிப்பொறி தொலைபேசிக் கம்பியின் வழியே மற்றொன்றை அழைத்து, தன்னிடம் புதிதாக வந்த கடிதங்களைக் கொடுக்கும். அது தன் பங்குக்கு அடுத்ததை அழைத்துக் கொடுக்கும். இவ்வாறு ஒருவர் எழுதிய கடிதத்தின் படிகள், உறவினர் வீடுகளுக்குள் திருமணச் செய்தி பரவுவதுபோல், ஊர் ஊராகப் பரவின. இதற்கென்று ஒரு தலைமை நிலையம் இல்லை, முதலாளி இல்லை. இன்றளவும் அப்படித்தான்.

பேசுபொருளுக்கு ஏற்பக் குழுக்கள் பிரிந்தன. கணிப்பொறி பற்றியவை 'காம்ப்' என்றும், அறிவியல் பற்றியவை 'சயின்ஸ்' என்பதன் சுருக்கமாகிய 'சை' என்றும், பொழுதுபோக்கு பற்றியவை 'ரெக்' என்றும், சமுதாயம் பற்றியவை 'சாக்' என்றும் பெயர் தொடங்கும். தமிழருக்கென்று 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்ற குழுவும் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம் முயற்சியை முதன்முதலில் உலகுக்கு அறிவித்தது 1991 ஆகஸ்டு 25 அன்று 'காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ்' என்ற குழுவில்தான். அதே ஆகஸ்டு மாதத்தில், வலைத்தளங்களின் தந்தையான டிம் பெர்னர்ஸ்-லீ தம் ஆக்கத்தைப் பற்றி எழுதியதும் மற்றொரு யூஸ்நெட் குழுவிலேயே. பெரிய மாளிகைகளுக்கு அடிக்கல் நடப்பட்ட திண்ணை என்று இதனைச் சொல்லலாம்.

இக்குழுக்களைப் படிப்பதற்கென்று அமைந்த மென்பொருளுக்கே 'நியூஸ்ரீடர்', அதாவது செய்தி வாசிப்பான், என்று பெயர். பிற்காலத்தில் 'பெர்ல்' மொழியை ஆக்கிப் புகழ்பெற்ற லாரி வால், 1984 இல் 'ஆர்.என்.' என்ற வாசிப்பானை எழுதினார். அதன் பின் பலவும் தோன்றின. எல்லாவற்றின் வேலையும் ஒன்றே: நாம் சேர்ந்துள்ள குழுக்களை நினைவில் வைப்பது, அவற்றில் நாம் எதுவரை படித்தோம் என்று குறித்துக்கொள்வது, எந்தக் கடிதம் எதற்கு மறுமொழி என்று அறிந்து அவற்றை ஓர் இழையாகக் கோத்துக் காட்டுவது. நல்ல நூலகர் ஒருவர் நாம் விட்ட பக்கத்தில் அடையாளத்தாள் செருகி வைப்பது போன்றது இது.

இனி நம் தாய்மாமாவின் செய்திக்கு வருவோம். பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். கட்டடங்களின் உத்தரங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணக்கிட, இளமையில் 'ஃபோர்ட்ரான்' மொழியில் நிரல் எழுதியவர். ஐ.பி.எம். நிறுவனம் 1957 இல் வெளியிட்ட அம்மொழியில், அந்நாளில் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளையிட்டே கணிப்பொறிக்குக் கொடுப்பர். அட்டைகள் போயின, ஆனால் தாளில் அச்சிட்ட அந்நிரல் மட்டும் அவரது பெட்டிக்குள் இருந்தது. அதனை மடிக்கணினியில் மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவரது ஆசை. 'காம்ப்.லாங்.ஃபோர்ட்ரான்' என்ற குழுவை உலாவியின் வழியே அவர் படித்து வந்தார். அவ்வாறு காட்டிவந்த பெருநிறுவனம், 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் கடிதங்களை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்திக்கொண்டது.

"மருமகனே, கடையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது" என்றார் மாமா.

"கடை மூடவில்லை மாமா, ஒரு வாசல்தான் மூடியிருக்கிறது" என்று சொல்லி, ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அவரருகே அமர்ந்தோம்.

விசைப்பலகையை நாம் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டோம். பிறர் விரல் செய்த வேலை பார்ப்பவர் மனத்தில் தங்குவதில்லை. அவரே தட்டட்டும், நாம் சொல்லிக்கொண்டிருப்போம். முதலில், விலையின்றிக் கடிதங்களைத் தரும் ஒரு வழங்கியில் அவர் பெயரைப் பதிந்து, கடவுச்சொல் பெற்றோம். பிறகு மின்னஞ்சலுக்கும் செய்திக்குழுக்களுக்கும் பொதுவாகப் பயன்படும் 'தண்டர்பேர்ட்' மென்பொருளில், செய்திக்குழுக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். அதில் வழங்கியின் பெயரையும், வாயில் எண்ணையும் குறிக்க வேண்டும். பழைய வாயிலின் எண் 119. மறைகுறியாக்கம் உடைய வாயிலின் எண் 563. மாமா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். குழுக்களின் பட்டியல் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்தபோது அவர் சற்றே திகைத்தார். தேடும் கட்டத்தில் 'ஃபோர்ட்ரான்' என்று தட்டியதும் பட்டியல் சுருங்கியது. அவர் முகம் விரிந்தது.

குழுவைத் திறந்ததும், எத்தனை தலைப்புகளை இறக்க வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. ஐந்நூறு போதும் என்றோம். கடிதங்களை நாள்வாரியாகப் பார்க்காமல் இழைவாரியாகப் பார்க்கும் வகையையும், படிக்காத அடுத்த கடிதத்துக்குச் செல்ல 'என்' என்ற விசையையும், வேண்டாத இழையை ஒதுக்க 'கே' என்ற விசையையும் காட்டினோம். இறுதியாக, இரு பொத்தான்களின் வேற்றுமையைச் சொன்னோம். ஒன்று எழுதியவருக்கு மட்டும் தனியே மடல் அனுப்பும். மற்றொன்று சபை முழுமைக்கும் மறுமொழி தரும். காதோடு சொல்லவேண்டியதை ஒலிபெருக்கியில் சொல்லிவிடக் கூடாதல்லவா? சபைக்குள் விட்ட கடிதம் எத்தனையோ கணிப்பொறிகளுக்குப் படியெடுத்துச் செல்லப்படும் என்பதால், அதனை முழுதும் திரும்பப் பெற இயலாது என்பதையும் எடுத்துரைத்தோம்.

"இரண்டு வாரம் படிப்பு மட்டும், பிறகு எழுத்து" என்று கேட்டுக்கொண்டோம். பழைய யூஸ்நெட் பெரியவர்கள் புதியவர்க்குச் சொல்லிவந்த அறிவுரையும் இதுவே.

ஆனால் ஆவல் யாரை விட்டது? நான்காம் நாள் இரவு, மாமா தாமாகவே ஒரு கடிதம் விடுத்துவிட்டார். தலைப்பு: 'உதவி தேவை'. உள்ளே, தம் பணிக்காலத்தைப் பற்றி நீண்டதொரு முன்னுரை. இறுதியில், நிரல் ஓடவில்லை என்ற ஒரு வரி. எழுத்தும் பல வண்ண அலங்காரத்துடன் சென்றிருந்தது. விடியுமுன் வந்த மறுமொழி மூன்றே வரி: 'எந்தத் தொகுப்பி? என்ன பிழைச் செய்தி? அலங்காரமில்லாத வெற்றெழுத்தில் அனுப்பவும்.'

"நாற்பதாண்டு வேலை பார்த்தவனுக்கு இந்த மரியாதைதானா? எனக்கு வேண்டாம் மருமகனே, எடுத்துவிடு" என்றார். அவர் குரலில் இருந்தது சினத்தைவிட வருத்தமே. ஓய்வு பெற்ற பின், அவர் அறிந்ததை யாரும் கேட்பதில்லை. அவர் கேட்டதற்கும் இப்படியொரு விடை. அன்று அந்தக் கணக்கை நீக்கியிருந்தால், பெட்டிக்குள் இருந்த தாள்கள் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும்.

நாம் அந்த மூன்று வரிகளை மீண்டும் படித்துக் காட்டினோம். "மாமா, உங்களிடம் ஓர் இளம் பொறியாளர் வந்து, 'கட்டடம் விரிசல் விட்டிருக்கிறது' என்று மட்டும் சொன்னால், நீங்கள் என்ன கேட்பீர்கள்?" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தச் சுவர், எவ்வளவு அகலம், எப்போதிலிருந்து என்று கேட்பேன்" என்றார். "அதைத்தான் அவரும் கேட்டிருக்கிறார். தேநீர் கொடுக்காமல் கேட்டுவிட்டார், அவ்வளவே" என்றோம். மாமா சிரித்துவிட்டார்.

இரண்டாம் கடிதத்தை அவரே எழுதினார். தலைப்பிலேயே சிக்கலைச் சொன்னார். தொகுப்பியின் பெயரைக் குறித்தார். பிழைச் செய்தியை அப்படியே பெயர்த்தெழுதினார். நிரலில் ஐந்து வரிகளை மட்டும் இணைத்தார். தமக்கு வந்த மறுமொழியில் வேண்டிய வரியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கீழே தம் விடையை எழுதினார். அன்று மாலையே வேறொருவர் விளக்கம் தந்தார். பழைய ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு வரிக்கும் கட்டம் உண்டு: முதல் ஐந்து கட்டங்கள் வரியின் எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, ஏழு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கு. மாமா தம் கோப்பின் பெயரைப் புதிய முறைக்குரிய 'எஃப்90' என்ற ஈற்றுடன் சேமித்திருந்தார். அதைக் கண்ட தொகுப்பி, கட்டமில்லாப் புதிய நடை என்று எண்ணிக்கொண்டு வரிக்கு வரி பிழை சொல்லியிருக்கிறது. ஈற்றை 'எஃப்' என்று மாற்றினால் போதும். மாற்றினார். இளமையில் எழுதிய நிரல் அவர் கண்முன் ஓடி, உத்தரத்தின் கணக்கைச் சொன்னது. மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அவர் குரல் எழுந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குப் பின்னே யூஸ்நெட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் வந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்வர். அவர்கள் கைக்கு யூஸ்நெட் முதன்முதலாகக் கிட்டும். சபையின் வழக்கம் அறியாமல் சில வாரங்கள் ஆரவாரம் செய்வர். பழையவர்கள் பொறுமையோடு எடுத்துச் சொல்ல, மெல்ல மெல்ல அவர்களும் பழையவர்களாவர். புதியவர்கள் வினாக் கேட்பதற்கென்றே தனிக் குழுவும் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வினாக்களுக்கு விடைகளைத் தொகுத்து, அவ்வப்போது வெளியிடும் தொண்டும் நடந்தது. ஊதியம் பெறாமல் பலர் இதைச் செய்தனர்.

1993, 1994 ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் அனைவருக்கும் அச்சபையின் வாயிலைத் திறந்தன. வந்தவர்கள் பிழை செய்தவர்கள் அல்லர். ஆனால் கற்பிப்பவர் சிலர், கற்க வேண்டியவர் பெருங்கூட்டம் என்றானது. ஓராண்டின் செப்டம்பர் முடியாமலே தொடர்கிறது என்று பழையவர்கள் கசப்போடு சொல்லலாயினர். 'முடிவிலாச் செப்டம்பர்' என்ற சொல்வழக்கு அவ்வாறு பிறந்தது. 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் பரப்பியது, பின்னாளில் வந்த விளம்பர வெள்ளத்துக்கு முன்னறிவிப்பாயிற்று. எவரும் எவருக்கும் சொல்லித் தராத சபையில் கூச்சல் மிகுந்தது. பலர் அமைதியாக வெளியேறினர். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 இல் தன் வழங்கியை நிறுத்திவிட்டது.

நாம் இதிலிருந்து அறிந்துகொள்வது ஒன்று உண்டு. ஒரு சபையின் ஆயுள், அதன் கருவியின் சிறப்பில் மட்டும் இல்லை. புதிதாக வரும் ஒருவருக்கு அருகே அமர்ந்து சொல்ல, பழையவர் ஒருவர் இருக்கிறாரா என்பதில் இருக்கிறது. மாமாவுக்கு முதலில் வந்த மறுமொழியும் சரியானதே. இரண்டாவது வந்த மறுமொழியும் சரியானதே. முதலாவது அவரை வாயிலோடு திருப்பியிருக்கும். இரண்டாவது அவரை உள்ளே இருத்தியது. இரண்டுக்கும் நடுவே, அந்த மூன்று வரிகளைச் சினமின்றிப் படித்துக் காட்ட அருகே ஒருவர் வேண்டியிருந்தது.

வாசக அன்பர்களே, நம் இல்லங்களில் முதியவரோ இளையவரோ, கருவியைக் கையில் ஏந்தி நம்மிடம் வருவர். அது செய்தி வாசிப்பானாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் கையிலிருந்து அதை வாங்கி, நொடியில் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுப்பது எளிது. நமக்கும் நேரம் மிச்சம். ஆயினும், அவர்கள் விரலே தட்டட்டும் என்று காத்திருங்கள். கேட்பது எப்படி என்பதையும், கேட்குமுன் படிப்பது எப்படி என்பதையும் சொல்லுங்கள். கடுஞ்சொல் ஒன்று வந்தால், அதனுள் இருக்கும் பயனைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு வாரம் கழித்து, 'எதுவரை படித்தீர்கள்?' என்று ஒருமுறை விசாரியுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடையிலிருந்து, அடுத்து என்ன சொல்லித் தர வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.