நடுவில் ஒரு தரகர்

எங்க ஊர் எட்டயபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் பாரதியார் பிறந்த வீடு, அப்புறம் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. விற்கிறவர் ஒருத்தர், வாங்குகிறவர் ஒருத்தர், நடுவில் தரகர். 'இந்த மனுஷனுக்கு எதுக்குக் காசு?' என்று முணுமுணுக்காதவர் கிடையாது. அவர் வராத அன்றைக்குத்தான் சங்கதி தெரியும்!

அதே மாதிரி ஒரு தரகர் நம்ம செல்போனுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறார். 2016-ல் வந்த யு.பி.ஐ.தான் அவர். ஒவ்வொரு வங்கியின் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு தினுசு. 300 வங்கிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச வேண்டுமென்றால் 44,850 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒருத்தர் இருந்தால் 300 போதும். (இந்த மாதிரி நடுவாந்திர மென்பொருள் எழுதித்தான் எனக்குச் சென்னையில் சோறு!)

போன புரட்டாசியில் சித்தப்பா போன் பண்ணினார். மழைக்கு முன்னால் கரிசலில் உளுந்து விதைத்தாக வேண்டும். விதைக்கடையில் 3,200 ரூபாய் அனுப்பியிருக்கிறார். இவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கடைப் பெட்டியோ வாயே திறக்கவில்லை.

"ஏலே, இன்னொரு தடவை அனுப்பவா?"

"ஐயோ, வேண்டாம் சித்தப்பா!"

விஷயம் இதுதான். முதலில் உங்க வங்கி பணத்தை எடுக்கும். பிறகு தரகர் கடைக்காரர் வங்கியிடம், 'வரவு வை' என்பார். அங்கிருந்து பதில் வரவில்லை என்றால்? தகவலே போய்ச் சேரலையா, இல்லை வரவு வைத்த பிறகு பதில் தொலைந்ததா? தரகருக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். அதனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நம்பர். அதே நம்பரை அவர் எத்தனை தடவை விசாரித்தாலும் ஒரே கணக்கு. ஆனால் நீங்க மறுபடி அமுக்கினால் புது நம்பர். இன்னொரு மூட்டை வாங்கியதாகிவிடும்!

ரிசர்வ் வங்கி 2019-ல் போட்ட விதிப்படி, கடைக்குக் கட்டி இப்படிச் சிக்கிய பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு.

"அஞ்சு நாளா? மேகம் இப்பவே இருட்டிக்கிட்டு வருதுப்பா!"

நியாயம்தானே? விதி போட்டவர்கள் கரிசல்காட்டு வானத்தைப் பார்த்தா போட்டார்கள்?

நல்லவேளை, போனில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், "விதையைக் கொண்டு போங்க மாமா, நோட்டுல எழுதிக்கிடுதேன்" என்றார்.

மூணாம் நாள் பணம் சித்தப்பா கணக்குக்கே திரும்பியது. ரொக்கமாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் உளுந்து மண்ணுக்குள் போயாச்சு. ஒரு மழையும் பெய்தாச்சு.